ஒன்றாம் பொத்தான்

செய்தி வந்தபோது மதியம் மூன்று மணி நாற்பது நிமிடம். அக்காவின் அலுவலகத்திலிருந்து பில் கிளார்க் பேசினார். "உங்க அக்கா மிஷின் மேலயே சாஞ்சுட்டாங்க. டாக்டர் வந்து பாத்துட்டாரு. முடிஞ்சுடுச்சு." ஒரு மூச்சு விட்டுவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள வந்துடுவீங்கல்ல? ஆறு மணிக்கு ஆபீஸைப் பூட்டணும்" என்றார்.

இந்த பில் கிளார்க்குக்கு அலுவலகத்தில் 'அவசரம்' என்று பெயர். எந்தத் தாளை நீட்டினாலும் "அவசரம்" என்று சொல்லித்தான் நீட்டுவார். அன்று என்னிடமும் அதே குரலில்தான் பேசினார்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. அதில் பதினைந்து வருடம் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் மண்டல அலுவலகத்தில் ஃபேக்ஸ் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் லாரி ஓட்டினார். ஒரு மலைப்பாதையில் வண்டியோடு போய்விட்டார். கம்பெனி இரக்கப்பட்டு விதவைக்கு ஒரு வேலை கொடுத்தது. அந்த வேலை இருந்த ஊர் மாமியார் வீட்டிலிருந்து ஒன்பது மணி நேரப் பயணம். மகளுக்கு அப்போது இரண்டு வயது. நாங்கள் எல்லோரும் அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டோம்.

மாமியார் நிபந்தனையை முதல் நாளே சொல்லிவிட்டார். "என் பிள்ளையோட ரத்தம் இந்த வீட்டை விட்டு வெளியே போகாது. இந்த ஊர்லயும் உங்க கம்பெனிக்குக் கிளை இருக்குல்ல? மாத்தல் வாங்கிக்கிட்டு வா. வந்த அன்னைக்கு உன் பொண்ணு உன்கிட்ட. வரலைன்னா பெத்ததோட சரி."

அக்கா அதைப் பெரிய கொடுமையாக நினைக்கவில்லை. மாற்றல்தானே, இரண்டு வருடத்தில் வாங்கிவிடலாம் என்றாள். அதன் பிறகு அவள் வாழ்ந்ததெல்லாம் அந்த மாற்றலுக்காகத்தான்.

ஃபேக்ஸ் அறைக்கு ஜன்னல் கிடையாது. மூன்று பக்கம் ரெக்கார்டு அலமாரி, நான்காவது பக்கம் கதவு. இயந்திரம் ஓடினால் அறை சூடாகும்; நிறுத்தினால் பழைய காகித வாசனை வரும். நேர் மேலே மேனேஜரின் அறை. அவர் நாற்காலியை இழுத்தால் அக்காவின் தலைக்கு மேல் யாரோ மரம் அறுப்பது போலக் கேட்கும். அந்த அறையில் உட்கார யாரும் தயாராக இல்லை. அவளுக்கு முன்னால் இருந்தவர் மருத்துவச் சான்றிதழ் கொடுத்துத் தப்பினார் என்று சொல்வார்கள்.

அக்கா அந்த இயந்திரத்தைக் கற்றுக்கொண்டாள். ஒரு எண்ணை அனுப்ப எத்தனை வழி உண்டென்று எனக்கு ஒருமுறை விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். எண் பலகையில் ஒவ்வொன்றாக அழுத்திப் பச்சைப் பொத்தானை அமுக்குவது ஒன்று. இரண்டு இலக்கச் சுருக்க எண் ஒன்று: நாற்பது கிளைகளுக்கும் அவள் சுருக்க எண் போட்டு வைத்திருந்தாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கடைசியாக அழைத்த எண்ணையே மறுபடி அழைப்பது, எல்லாக் கிளைகளுக்கும் ஒரே தாளை வரிசையாக அனுப்புவது, இவை தவிர வலது ஓரத்தில் பன்னிரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முழு எண்ணும் ஒரு பெயரும் அடங்கியிருக்கும். ஒரே அழுத்து, போய்விடும். ஒன்றாம் பொத்தான் தலைமை அலுவலகம்.

இன்னொரு வழியும் உண்டு. ரிசீவரைக் கையில் எடுத்து, எண்ணை அழுத்தி, அந்தப் பக்கம் மணி அடிப்பதைக் காதால் கேட்டு, கீச்சென்ற சத்தம் வந்த பிறகு அனுப்புவது. முக்கியமான எதையும் அக்கா அப்படித்தான் அனுப்புவாள்.

"ஏன்க்கா, பொத்தான் இருக்கும்போது எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"பொத்தான்ல அனுப்பினா ரிப்போர்ட்ல பேர்தான்டி வரும், நம்பர் வராது. பேரை யாரு வேணா எழுதலாம். மணி அடிக்கிறதைக் காதால கேட்டுட்டா நிம்மதி."

ஒவ்வொரு தாள் போனதும் இயந்திரம் ஒரு சின்னச் சீட்டைத் துப்பும். தேதி, நேரம், போன இடம், முடிவில் 'ஓகே'. அந்தச் சீட்டைக் கிழித்து, தாளோடு பின் அடித்து, கொடுத்தவர் மேஜைக்கே கொண்டுபோய் வைப்பாள். அதனால் அலுவலகத்தில் அவள் 'ஓகே அக்கா'. வயதில் பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதே ஒரு சிரிப்பு இருக்கும்.

மாற்றலுக்குத் தலைமை அலுவலகம் ஒரு முறை வைத்திருந்தது. ஆறாம் மாதம் முதல் வேலை நாள், காலை ஒன்பது மணியிலிருந்து விண்ணப்பங்கள் ஃபேக்ஸில் வர வேண்டும். எந்த ஊருக்கு யாருடையது முதலில் வருகிறதோ, அவருக்கு அந்த இடம். நாற்பது கிளைகளும் அந்த நிமிடத்தில் ஒரே எண்ணை அழைக்கும். லைன் கிடைப்பது குதிரைக் கொம்பு.

அந்த ஒரு நாள் மட்டும் அக்கா ரிசீவரை எடுக்க மாட்டாள். பத்து எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தும் நேரத்தில் இன்னொரு கிளை உள்ளே புகுந்துவிடும். ஒன்றாம் பொத்தான்தான் வேகம்.

மூன்று வருடம் வேலை பார்த்தவர்கள்தான் போடலாம் என்பதால், பாப்பாவுக்கு ஐந்து வயதானபோது முதல் விண்ணப்பம் போட்டாள். ஒன்பது மணி அடித்ததும் அழுத்தினாள். முதல் அழைப்பிலேயே போய்விட்டது. சீட்டு வந்தது: தலைமை அலுவலகம், ஒன்பது மணி ஒரு நிமிடம், ஓகே. அன்று எனக்குப் போன் செய்து சின்னப் பெண் போலக் கத்தினாள். "மத்த கிளையெல்லாம் பத்து மணி வரைக்கும் லைன் கிடைக்காம அல்லாடியிருக்காங்கடி! எனக்கு ஒரே அழுத்து!"

பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "உனக்கு முன்னாடி யாரோ போட்டுட்டாங்கம்மா. பத்து செகண்டு வித்தியாசம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடமும் ஒரே அழுத்து. மூன்றாம் வருடம், நான்காம் வருடமும் அப்படித்தான். மேனேஜர் ஒருமுறை எட்டு நொடி என்றார், ஒருமுறை ஐந்து நொடி என்றார். அக்கா வீட்டில் மேஜை விளிம்பில் விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்திப் பழகினாள். நான் இருந்தபோதே செய்தாள். நான் சிரித்தேன்.

அலுவலகத்திலும் சிரித்தார்கள். ஐந்தாம் மாதக் கடைசியில் டீ நேரத்தில் ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்ன ஓகே அக்கா, இந்த வருஷமாவது மூட்டை கட்டுறீங்களா?"

"அவங்க விரல்ல ராக்கெட்டே இருக்குப்பா. ஒரே அழுத்துல போயிடும்."

"போறது என்னவோ போயிடுது, இல்லக்கா?"

அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். நல்ல வார்த்தை சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அவர்களுக்கு ஒரு தட்டு பிஸ்கட் கூட வாங்கி வைத்தாள்.

நடந்தது இதுதான். ஐந்தாம் மாதம் கடைசி நாள் மாலை, அக்கா வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், இயந்திரத்தைச் சுத்தம் செய்ய மெக்கானிக் வருவார். அனுப்பியவர் மேனேஜர். பெரிய நாளுக்கு முன்னால் இயந்திரம் சுத்தமாவதில் அக்காவுக்கு சந்தோஷம். அவருக்கு டீ சொல்லிவிட்டுத்தான் போவாள். மெக்கானிக் கண்ணாடியைத் துடைப்பார், ரோலரைத் துடைப்பார், ஒன்றாம் பொத்தானுக்குள் இருந்த எண்ணை எடுத்துவிட்டு மேனேஜர் அறையில் இருந்த சின்ன ஃபேக்ஸின் எண்ணைப் போடுவார். 'தலைமை அலுவலகம்' என்ற பெயரை அப்படியே விட்டுவிடுவார். இரண்டு நாள் கழித்து வந்து பழைய எண்ணைத் திரும்பப் போடுவார். எல்லா விண்ணப்பங்களும் மாடிக்குப் போகும். அங்கே அவசரம் உட்கார்ந்து மற்றவர்களுடையதை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். அவர்களுக்குக் கொஞ்சம் தாமதம். அதனால் யாருக்கும் குடிமுழுகவில்லை. அக்காவுடையது மேனேஜரின் டிராயருக்குள் போகும்.

அவசரத்துக்குத் தெரிந்த விஷயம் ஊருக்கே தெரிந்த விஷயம். முதல் வருடமே அலுவலகத்தில் இருந்த பதினொரு பேருக்கும் தெரியும். பதினோராவது ஆள், துடைக்க வரும் அம்மா. அந்த அம்மா கூடச் சொல்லவில்லை. அக்கா போய்விட்டால் அந்த அறைக்கு யாரோ ஒருவர் போக வேண்டும். பத்துப் பேரும் இயந்திரம் தெரியாதவர்களாகவே இருந்துகொண்டார்கள். அக்கா சொல்லிக் கொடுக்க வந்தால், "ஐயோ, அது என்னமோ கீச்சுங்குது, எனக்கு தலைவலிக்கா" என்று எழுந்து போவார்கள்.

ஐந்தாம் வருடம் அவசரத்தின் வண்டி வழியில் நின்றுவிட்டது. மாடி இயந்திரத்தில் காகிதம் தீர்ந்திருந்தது. மேனேஜர் பத்து மணிக்குத்தான் வருவார், போட ஆள் இல்லை. காகிதம் இல்லாததால் அது மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர எடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு அக்கா அழுத்தினாள். போகவில்லை. திரையில் 'பதில் இல்லை' என்று வந்தது. லைன் கிடைக்கவில்லை என்றால் புரியும். பதில் இல்லை என்றால் என்ன அர்த்தம்? நாற்பது கிளைகள் முட்டிக்கொண்டிருக்கும் எண்ணை யாரும் எடுக்காமல் விடுவார்களா? ரிசீவரைக் கையில் எடுத்தாள். ஒன்றாம் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்தது. தலைக்கு மேலும் ஒரு மணி அடித்தது.

ரிசீவரை வைத்தாள். மேலே நின்றது. எடுத்து அழுத்தினாள். காதில் அடித்தது, மேலே அடித்தது. இப்படி மூன்று முறை செய்ததாக என்னிடம் சொன்னாள். மூன்றாம் முறை அடித்துக்கொண்டிருக்கும்போதே அவசரம் வியர்க்க வியர்க்க வாசலில் வந்து நின்றார். மாடியில் மணி விடாமல் அடிக்கிறது. அந்த ஆள் நிமிர்ந்து கூரையைப் பார்க்கவில்லை. ரிசீவரைத்தான் பார்த்தார். அதிலேயே அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

முதலில் அவள் வேலையை முடித்தாள். எண் பலகையில் பத்து எண்ணை அழுத்தி, லைன் கிடைக்காமல் மறுபடி மறுபடி அழுத்தி, ஒன்பது ஐம்பதுக்கு மற்ற நான்கு பேருடைய விண்ணப்பங்களையும் அனுப்பி, கடைசியில் தன்னுடையதை அனுப்பினாள். நான்கு பேருக்கும் சீட்டைப் பின் அடித்துக் கொடுத்தாள். பிறகு தலைமை அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டாள். அங்கே இருந்த பெண் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல வர்ற முதல் விண்ணப்பமே இதுதான்மா. அந்த ஊர் இடம் காலியாத்தான் கிடந்துச்சு. மூணு வருஷம் யாரும் கேக்கல. போன வருஷம் உள்ளூர்லயே ஒருத்தரை நிரந்தரமாப் போட்டுட்டோம்" என்றாள்.

அக்கா மாடிக்குப் போனாள். மேனேஜர் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை. கொஞ்சம் கூச்சப்படுவார் என்று எதிர்பார்த்தாளாம்.

"உக்காரு. ஆமா, நான்தான் நிறுத்தி வெச்சேன். நீ போயிட்டா இந்த மிஷினை யாரு பாக்குறது? உன்னை மதிச்சுத்தானே வெச்சிருக்கேன்? வேண்டாதவளா இருந்தா முதல் வருஷமே தள்ளிவிட்டிருப்பேன்."

"என் பொண்ணு அங்க இருக்கா சார்."

"பாட்டிகிட்ட தானே இருக்கு? தெருவுலயா இருக்கு? பெரியவங்க கிட்ட வளர்ற குழந்தைதான் உருப்படும். போ, போய் வேலையைப் பாரு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. நானும் வெச்சுக்கல."

அந்த வாரக் கடைசியில் அக்கா மாமியார் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். நான்கு வருடச் சீட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். இதைக் காட்டி, நான் விண்ணப்பித்தேன், என் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். அவளிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

அங்கே நாத்தனார் முந்திக்கொண்டாள். அவள் புருஷன் ஆறு மாதத்துக்கு முன்பே தலைமை அலுவலகத்தில் ஆள் பிடித்து விசாரித்திருந்தான். "வருஷா வருஷம் போட்டேன் போட்டேன்னு கதை விட்டீங்களே அண்ணி. ஒரு தாள் கூட வரலையாம். வர இஷ்டமில்லைன்னா நேரா சொல்லியிருக்கலாம். எதுக்கு இந்தக் குழந்தையை வருஷா வருஷம் வாசல்ல நிக்க வெச்சீங்க?"

பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா அவசர அவசரமாக உறையைப் பிரித்து, சீட்டுகளை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள். "பாரு கண்ணு, தேதி இருக்கு பாரு, அம்மா போட்டேன் பாரு."

அந்தச் சீட்டு மையில் அச்சாவதல்ல, சூட்டில் கருப்பதாம். வெயிலில் வைத்தாலும் எழுத்து அழிந்துபோகும், பிளாஸ்டிக் உறையில் வைத்தாலும் போகும். மற்றவர்களுக்கு இதை ஆயிரம் முறை எச்சரித்தவள் அக்கா. ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வாள். தன்னுடையதைப் பத்திரம் பத்திரம் என்று உறைக்குள்ளேயே வைத்துவிட்டாள். முதல் மூன்றில் ஒன்றுமே இல்லை. நான்காவதில் ஒரு சாம்பல் நிழல்.

பாப்பா நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிதானமாகத்தான் சொன்னாள். "வெள்ளைத் தாளைக் காட்டுறீங்க."

மாமியார் சிரித்துவிட்டார். நாத்தனார் சிரிக்கவில்லை, பாப்பாவின் தோளில் கையைப் போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஒன்பது மணி நேரம் பயணம் செய்து திரும்பி வந்தோம். இறங்கும்போது அக்கா, "பொய் சொல்லாத பொண்ணுடி அவ. பாத்ததைத்தான் சொன்னா" என்றாள்.

பிறகு எட்டு வருடம் அதே அறையில் அதே வேலையைச் செய்தாள். வேலையை விட்டுவிடு என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். விட்டுவிட்டு எங்கே போவது? போக வேண்டிய இடத்தில் கதவு சாத்தியாகிவிட்டது. மாதம் ஒருமுறை போய்க்கொண்டுதான் இருந்தாள். பாப்பா கேட்டதற்குப் பதில் சொல்வாள், கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். 'அம்மா' என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினாள் என்று அக்காவுக்கே சரியாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் யாரும் வெட்கப்படவில்லை. சில மாதங்கள் டீ நேரத்தில் அடக்கி வாசித்தார்கள். பிறகு "என்ன ஓகே அக்கா, மாடிக்கு ஒரு ஃபேக்ஸ் போடுறீங்களா?" என்பது புது நகைச்சுவையாகிவிட்டது. மேனேஜர் ஓய்வு பெற்ற நாளில் நாற்பது கிளைகளுக்கும் வாழ்த்து மடலை அனுப்பியது அக்காதான். நாற்பது சீட்டையும் பின் அடித்து அவரிடம் கொடுத்தாள்.

செய்தி வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். அவளை ஃபேக்ஸ் அறையிலேயே ஒரு பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். அவசரம் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார். இயந்திரத்தில், தாள் போடும் தட்டில், எழுத்து கீழே பார்க்க ஒரு படிவம் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கீழே அக்காவின் கையெழுத்து, தேதி.

அது என்ன படிவம் என்று அடக்கம் முடிந்த பிறகு பாப்பாவே சொன்னாள். பதினேழு வயது. கல்லூரி விடுதியில் சேரக் காப்பாளர் பெயர் வேண்டுமாம். அத்தை பெயரைப் போட வேண்டும். பெற்றவள் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டு, அன்று ஐந்து மணிக்குள் கல்லூரிக்கு ஃபேக்ஸ் செய்ய வேண்டும். படிவத்தை அக்காவின் அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டு, மதியம் பாப்பா போன் செய்திருக்கிறாள்.

"அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"காலேஜ் நம்பரைக் கேட்டாங்க சித்தி. ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. நீங்க நேர்ல வர வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்னு நான் சொன்னேன். சரின்னாங்க." பிறகு, "இனிமே அந்தப் படிவம் வேண்டாமாம். இறப்புச் சான்றிதழே போதும்னு காலேஜுல சொல்லிட்டாங்க" என்றாள்.

அக்காவின் பொருட்களை வாங்க மறு வாரம் அலுவலகம் போனபோது அவசரத்திடம் கேட்டேன், அந்தத் தாள் ஏன் போகவில்லை என்று.

"பொத்தான்ல போடல அவங்க. ரிசீவரைக் காதுல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அழுத்திக்கிட்டு இருந்தாங்க. நான் பில்லை வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன், எப்ப முடிப்பாங்கன்னு. திடீர்னு நிறுத்திட்டாங்க. அழுத்தவும் இல்ல, வைக்கவும் இல்ல. அவசரம்னு ரெண்டு தடவை சொன்னேன். அப்புறம்தான் சாஞ்சாங்க."

"திரையில நம்பர் இருந்துச்சா?"

"இருந்துச்சு, பாதி. நிறுத்துற பொத்தானை அமுக்குற வரைக்கும் அந்த மிஷின்ல அப்படியே நிக்கும். பெஞ்சுல படுக்க வெச்சுட்டு, டாக்டர் வர்றதுக்குள்ள நான் அதை அழிச்சுட்டு, அவங்க தாளை எடுத்து வெச்சுட்டு பில்லை அனுப்பினேன், அப்புறம் தாளை மறுபடி தட்டுலயே வெச்சேன். வாசல்ல லாரி நின்னுக்கிட்டு இருந்துச்சு."

எத்தனை எண் இருந்தது என்று கேட்டேன். கிளார்க் ஆயிற்றே, எண்ணிப் பார்த்திருந்தார். ஏழு என்றார்.

கல்லூரியின் எண் பத்து இலக்கம். மூன்று அழுத்தப்படவில்லை.